முள்ளம்பன்றி வீட்டு அடுப்பு

ஆலங்குட்டைக் கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. அப்பா கருமுள்ளன், அம்மா வேலம்மை, மூத்தவன் சிலும்பன், இளையவள் நெருஞ்சி. நாலு பேருக்கும் ஒரே வளை. மழை வந்தால் குட்டைத் தண்ணீரும் அந்த வளைக்குள் வந்துவிடும்.

"இந்த வருஷம் மழைக்கு முன்னாடி மேட்டுல புது வளை தோண்டிடணும்" என்றார் அப்பா.

அன்று முதல் விடிந்தால் அப்பாவும் அம்மாவும் மேட்டுக்குப் போனார்கள். அந்தி வரை தோண்டினார்கள். பாறை நிலம். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் கை தூக்க வராது.

அப்புறம் யார் சமைப்பது? யாரும் சமைக்கவில்லை. அடுப்பில் சாம்பல் இறுகிப் போயிற்று. ஒரு தேள் வந்து அதில் குடித்தனம் வைத்தது.

சிலும்பன் என்ன செய்தான் என்றால், ஒன்றும் செய்யவில்லை. வயசுப் பையன். வெயில் ஏறும்வரை தூங்குவான். எழுந்தால் முயல் துள்ளானோடு சுற்றப் போவான். பசித்தால் திரும்பி வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்பான். அதோடு அவன் வேலை முடிந்தது.

இந்த நேரம் பார்த்து நரி தேன்வாயன் இலந்தை மரத்தடியில் கடை போட்டான். போண்டா, பஜ்ஜி, கிழங்கு வறுவல். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ச் சட்டி. அந்த எண்ணெய் என்றைக்கு ஊற்றியது என்று அவனுக்கே தெரியாது. தார் மாதிரி இருக்கும். ஆனால் வாசனை மட்டும் குட்டையின் மறுகரை வரை போகும்.

"வாங்க தம்பி, வாங்க! சூடா இருக்கு!" என்றான் தேன்வாயன்.

"என்ன விலை அண்ணே?" என்று கேட்டான் சிலும்பன்.

"விலையா! உங்க அப்பாவும் அம்மாவும் உழைக்கிற உழைப்பைப் பார்த்தா எனக்குக் கண்ணுல தண்ணி வருது. உங்ககிட்ட விலை கேட்பேனா? வீட்டுல உதிர்ந்த முள்ளு கிடந்தா ரெண்டு கொண்டாந்து போடுங்க. பல்லு குத்த ஆகும்."

சிலும்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேக்கிலையில் நாலு பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

அன்று ராச்சாப்பாடு போண்டா. மறுநாளும் போண்டா. அதற்கு மறுநாள் பஜ்ஜி. காலையில் மிச்சம் இருந்த போண்டா. இப்படியே ஒரு மாதம் போயிற்று.

அம்மா ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "தினமும் இதையே தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே கண் சொருகிவிட்டது. அப்பா மென்றுகொண்டே முதுகைச் சொறிந்தார். மூன்று முள் ஒன்றாக மடியில் விழுந்தது.

"வயசாகுது" என்றார் அப்பா.

நெருஞ்சியின் முதுகிலும் முள் உதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்ன வயசாகிறது? அதை யாரும் யோசிக்கவில்லை.

முள்ளம்பன்றிக்கு முள்தான் எல்லாம். மற்ற மிருகங்களுக்கு முதுகு காட்டினால் கேவலம். முள்ளம்பன்றிக்கு அதுதான் சண்டை. எதிரி வந்தால் திரும்பி நிற்கும். முள்ளை விரிக்கும். வாலைக் குலுக்கும். சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் சிறுத்தைகூட வேறு வழியாகப் போய்விடும். சத்தத்தை மதிக்காமல் வந்தால் பின்பக்கமாகவே பாய்ந்து குத்தும்.

ஒருநாள் குட்டைக் கரையில் துள்ளான் ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, "பே!" என்று குதித்தான். சிலும்பன் பயந்து, பழக்கத்தில் திரும்பி நின்று வாலைக் குலுக்கினான்.

சத்தமே வரவில்லை.

மறுபடி குலுக்கினான். ஈர வைக்கோலை உதறியது போல் ஒரு முனகல் வந்தது.

துள்ளான் தரையில் உருண்டு சிரித்தான். "டேய், என்னடா இது! கிலுகிலுப்பைக்குள்ள கல்லைக் காணோம்!"

"தொண்டை சரியில்லைடா."

"வாலுக்கு ஏதுடா தொண்டை?"

சிலும்பன் அங்கிருந்து நடந்தான். முகம் சுருங்கிப் போயிருந்தது. ஒரு போண்டா தின்றால் சரியாகும் என்று தோன்றியது. கடைப்பக்கம் போனான்.

கடையில் ஆள் இல்லை. மரத்துக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தான். கால் அப்படியே நின்றுவிட்டது.

தேன்வாயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே புள்ளியான் சிறுத்தை படுத்திருந்தது. நடுவில் ஒரு முள் குவியல். நீளமானவை ஒரு பக்கம், குட்டையானவை ஒரு பக்கம்.

"இது பெரியவன் முதுகு. இது அவன் பொண்டாட்டி. இந்தப் பொடிசு எல்லாம் அந்தச் சின்னப் பொண்ணு" என்றான் தேன்வாயன். ஒரு முள்ளை எடுத்து வளைத்தான். "பாருங்கய்யா, என் போண்டா தின்ன முள்ளு, வளையுது! போன மாசம் இதே முள்ளு உங்க மூக்கைக் கிழிச்சிருக்கும்."

"இன்னிக்கே போய் ஒரு கை பார்த்துடவா?" என்றது புள்ளியான்.

"அவசரப்படாதீங்க. வளைக்குள்ள உங்களால நுழைய முடியாது. மழை இறங்கட்டும். குட்டை ரொம்பினா அவனுக குடும்பத்தோட மேட்டுக்குக் குடி போவானுக. நடுவுல வெட்டவெளி. அதுக்குள்ள மிச்ச முள்ளும் கொட்டிடும். உரிச்ச கிழங்கு மாதிரி வருவானுக!"

"உனக்கு?"

"எனக்கு என்னய்யா, நீங்க தின்னு மீந்தது போதும்."

சிலும்பன் பின்பக்கமாகவே நகர்ந்தான். சருகு மிதிபடாமல் நகர்ந்தான். புதர் தாண்டியதும் ஓட்டம் பிடித்தான். வீட்டு வாசலில் வந்துதான் மூச்சு விட்டான்.

அந்தியில் அப்பாவும் அம்மாவும் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினான். அப்பா கேட்டார். அம்மா கேட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் பார்த்தார்கள். நடுமுதுகில் கையகலத்துக்குத் தோல் தெரிந்தது.

"சரி. இனி அந்தக் கடைச் சாமான் வேண்டாம்" என்றார் அப்பா. "அப்போ எதைத் தின்னுறது? தோண்டுறதை விட்டா வளையிலேயே முழுகிச் சாவோம். தோண்டிட்டு வந்து அடுப்பு ஊத எங்க ரெண்டு பேருக்கும் தெம்பு இல்ல. நீ சமைக்கப் போறியா?"

கிண்டலாகத்தான் கேட்டார்.

"சமைக்கிறேன்" என்றான் சிலும்பன்.

நெருஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணனா! தண்ணி மோந்து குடிக்கவே அம்மாவைக் கூப்பிடுவான்!"

"நீ வாயை மூடு."

"முதல்ல அந்தத் தேளைக் காலி பண்ணச் சொல்லுண்ணா" என்றாள் நெருஞ்சி.

மறுநாள் சிலும்பன் வெயிலுக்கு முன்பே எழுந்தான். தேளைக் குச்சியால் எடுத்து வெளியே விட்டான். சாம்பலை அள்ளினான். அதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. பிறகுதான் எதைச் சமைப்பது என்ற யோசனை வந்தது. கண்ணில் பட்ட கருணைக்கிழங்கைத் தோண்டினான். விறகு தேடினான். கிடைத்தது பச்சை விறகு. புகைந்தது, எரியவில்லை. கண்ணெல்லாம் எரிந்தது. கிழங்கு பாதி வெந்தது. அந்திக்கு நாலு இலை போட்டுப் பரிமாறினான்.

அப்பா ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். நாக்கை நீட்டினார்.

"ஆ... அரிக்குது!"

நெருஞ்சி தொண்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அம்மா தண்ணீர்க் குடத்துக்கு ஓடினாள்.

"டேய், புளி போட்டியா?" என்றாள் அம்மா, பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு.

"புளியா?"

"போச்சு! கருணையைப் புளித்தண்ணி இல்லாம வேகவெச்சா அரிக்காம என்ன செய்யும்?"

நாலு பேரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வயிறு நிறையவில்லை. அப்பா எழுந்து படுக்கப் போனார். போகும்போது, "நாளைக்கு நான் காலையிலேயே பட்டினியோடதான் தோண்டணும்" என்றார். திட்டவில்லை. அது திட்டியதைவிட உறைத்தது.

நெருஞ்சி இருட்டும் முன்னே கடைக்கு நழுவி ஒரு போண்டா தின்றுவிட்டு வந்தாள். வாயைத் துடைக்க மறந்துவிட்டாள். சிலும்பன் பார்த்தான். அவளைச் சொல்லி என்ன பயன்? வீட்டில் சோறு இருந்தால் அவள் ஏன் போகிறாள்?

அவன் அடுப்பெதிரே உட்கார்ந்து யோசித்தான். எங்கே கெட்டது? கிழங்கில் இல்லை. பசி வந்த பிறகு யோசித்ததில் கெட்டது. விறகு காய ஒரு நாள் வேண்டும். பயறு ஊற ஒரு ராத்திரி வேண்டும். புளி வேண்டுமென்றால் புளியமரத்துக்குப் போக வேண்டும். அது வளையிலிருந்து தூரம். ஆனால் மேட்டிலிருந்து வருகிற வழியில்தான் இருக்கிறது. அம்மா தினமும் அந்த மரத்தைக் கடந்துதான் வருகிறாள்!

ஒரு உதிர்ந்த முள்ளை எடுத்தான். வளைச் சுவரில் கீறத் தொடங்கினான். நாளைக்கு என்ன, மறுநாள் என்ன, அதற்கு அடுத்த நாள் என்ன. ஒவ்வொன்றுக்கும் எது வேண்டும், அது எங்கே இருக்கிறது, யார் அந்தப் பக்கம் போகிறார்கள். கீறிக் கீறிச் சுவரில் பாதி நிறைந்தது.

காலையில் எல்லோருக்கும் வேலை சொன்னான்.

"அம்மா, வர்ற வழியில ஒரு கை புளி. அப்பா, தோண்டும்போது காஞ்ச வேர் வருமில்ல, அதைத் தூக்கிப் போடாதீங்க. விறகுக்கு ஆகும்."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உத்தரவு" என்றார்.

"நான்?" என்றாள் நெருஞ்சி.

"நீ குட்டைக் கரையில பொன்னாங்கண்ணி கிள்ளிட்டு வா."

"எனக்குக் கீரை பிடிக்காது!"

"உன்னைத் திங்கவா சொன்னேன்? கிள்ளத்தான சொன்னேன்!"

அவள் முனகிக்கொண்டே போனாள். அந்திக்குச் சாமைக் கஞ்சி, பயறு போட்டுக் கடைந்த கீரை. "இது எல்லாம் நான் கிள்ளின கீரை" என்று நெருஞ்சி எல்லோரிடமும் இரண்டு தரம் சொன்னாள். தான் கிள்ளியதை அடுத்தவன் மட்டும் தின்பதா? ஒரு வாய் வைத்தாள். அப்புறம் சட்டியை வழித்தாள்.

இப்படி நாள் ஓடியது. எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் கொள்ளு வேகவே இல்லை. முந்தின நாள் ஊறப்போட மறந்துவிட்டான். ஒருநாள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. துள்ளானோடு பேசிக்கொண்டிருந்த கோளாறு. "கரி நல்லா இருக்கு, கஞ்சிதான் கொஞ்சம் கம்மி" என்றார் அப்பா. ஆனால் தின்றார். கருணையை மறுபடி வைத்தான், இந்த முறை புளி ஊற்றி. யாருக்கும் அரிக்கவில்லை. பிரண்டையை நார் உரித்து, நன்றாக வதக்கி, துவையல் அரைத்தான். மீந்த துவையல் மறுநாள் கஞ்சிக்கு ஆயிற்று. மேட்டுப் பக்கம் ஒரு மான் கொம்பு உதிர்ந்து கிடந்தது. அதை இழுத்து வந்து வாசலில் போட்டான். சாப்பிட்டபின் ஆளுக்கு நாலு கடி. முள்ளம்பன்றி வீட்டில் அது வெற்றிலை போடுகிற மாதிரி. இடையில் விட்டுப்போன பழக்கம்.

நெருஞ்சிக்குத்தான் போண்டா ஆசை விடவில்லை. அவளுக்காக வள்ளிக்கிழங்கைத் தணலில் சுட்டு, தேன் ஊற்றிக் கொடுத்தான்.

"இது போண்டா மாதிரி இல்ல" என்றாள்.

"இல்லதான்."

அவள் மென்றாள். விழுங்கினாள். கையை நீட்டினாள். "இன்னொண்ணு குடு."

ஒரு சங்கடம் இருந்தது. திடீரென்று கடைக்குப் போவதை நிறுத்தினால் தேன்வாயன் உஷாராகிவிடுவான். வேறு சூழ்ச்சி செய்வான். அது என்னவென்று இவர்களுக்குத் தெரியாமல் போகும். அதையும் சிலும்பன் யோசித்து வைத்திருந்தான். தினமும் கடைக்குப் போனான். பல்லைக் காட்டினான். நாலு பொட்டலம் வாங்கினான். வரும் வழியில் குழி தோண்டிப் புதைத்தான். பதிலுக்குப் படுக்கையில் கிடந்த பழைய முள்ளைப் பொறுக்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

தேன்வாயன் வாங்கி வளைத்துப் பார்ப்பான். வாழைநார் மாதிரி வளையும். அவன் முகம் மலர்ந்துவிடும்.

"அப்பா நல்லா இருக்காரா தம்பி? முதுகுல இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"எங்க அண்ணே! முன்னாடி பார்த்தா அப்பா, பின்னாடி பார்த்தா எலி."

தேன்வாயன் விழுந்து விழுந்து சிரித்தான். கூட இரண்டு போண்டா வைத்துக் கட்டினான்.

ஒரு காலை அவனே வளை வாசலுக்கு வந்துவிட்டான். புது வறுவல் என்று ஒரு பொட்டலம் கையில். சிலும்பன் அடுப்பெதிரே குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். மறைக்க நேரமில்லை.

"என்ன தம்பி இது! அடுப்பு ஊதுறீங்க? வயசுப் பையன் பண்ற வேலையா இது? வெளிய தெரிஞ்சா சிரிப்பானுகளே!"

சிலும்பனுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வார்த்தை தப்பாக விட்டால் போச்சு. நெருஞ்சி முந்திக்கொண்டாள்.

"அடுப்பா? அண்ணன் வெந்நீர் வைக்கிறான். அம்மாவுக்கு முள்ளெல்லாம் கொட்டிக் குளிர் தாங்கல" என்றாள். முகத்தை அழுவது போல் வைத்துக்கொண்டாள்.

"அடடா! பாவம்! பாவம்!" என்றான் தேன்வாயன். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு போனான்.

அவன் மறைந்ததும் சிலும்பன் தங்கையைப் பார்த்தான். "நீ பெரிய ஆளுதான்டி!"

"அதை அப்புறம் சொல்லு. குழம்பு பொங்குது பாரு!"

ஒருநாள் காலையில் அம்மா குனிந்து தண்ணீர் மோந்தாள். நிமிரும்போது அவள் வாலில் ஒரு சத்தம். சலக். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவே திரும்பிப் பார்த்தாள். மெதுவாக வாலை ஆட்டினாள். சலசல. அப்பா எழுந்து தன் வாலை ஆட்டினார். அவருக்கும் வந்தது. இரண்டு பேர் முதுகிலும் தோல் தெரிந்த இடத்தைப் புது முள் மூடியிருந்தது. அம்மா குடத்தை வைத்துவிட்டு, "இன்னிக்கு என்னடா சமையல்?" என்று மட்டும் கேட்டாள்.

மழை இறங்கியது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் பிற்பகல் குட்டை நிரம்பி வளைக்குள் தண்ணீர் வந்தது.

"கிளம்புங்க" என்றார் அப்பா.

"சிறுத்தை வழியில இருக்கும்பா" என்றான் சிலும்பன்.

"தெரியும். வேற வழி இல்லையே."

"பயமா இருக்கு" என்றாள் நெருஞ்சி.

"எனக்கும்தான்" என்றார் அப்பா. "முள்ளை நனைஞ்ச மாதிரி படிய வெச்சுக்கங்க. பக்கத்துல வர்ற வரைக்கும் யாரும் விரிக்காதீங்க."

அப்பா முன்னால். அம்மா மூட்டையோடு அடுத்து. நெருஞ்சி மூன்றாவது. கடைசியில் சிலும்பன், பயறு ஊறுகிற சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. வெட்டவெளியில் சேறு முழங்கால் வரை ஏறியது. ஒதுங்க ஒரு புதர் இல்லை.

பாதி தூரம் வந்திருப்பார்கள். புள்ளியான் எதிரே வந்து நின்றது. அதன் பின்னால், ஒரு பாறைமேல், தேன்வாயன்.

"வாங்க தம்பி, வாங்க! சூடா இருக்கா உடம்பு?" என்று கத்தினான் தேன்வாயன்.

அப்பா திரும்பி நின்றார். அம்மா திரும்பி நின்றாள்.

"முதுகைக் காட்டுறானுக!" என்று சிரித்தது புள்ளியான். "பழைய வித்தை. இப்போ அந்த முதுகுல என்ன இருக்கு?"

நெருஞ்சியும் திரும்பி நிற்க முயன்றாள். சேற்றில் கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தாள். வயிறு மேலே. முள்ளம்பன்றிக்கு வயிற்றில் முள் கிடையாது. புள்ளியான் அதைப் பார்த்தது. அப்பாவைச் சுற்றிக்கொண்டு நேராக அவள்மேல் பாய்ந்தது.

"அண்ணா!"

சிலும்பன் யோசிக்கவில்லை. சட்டியைச் சேற்றில் வைத்தான். பின்பக்கமாகவே ஓடி அவளுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் புகுந்தான். முள்ளை விரித்தான். வாலைக் குலுக்கினான்.

சலசலசல!

அந்தச் சத்தம் வெட்டவெளி முழுக்கக் கேட்டது. காற்றில் இருந்த புள்ளியானுக்கும் கேட்டது. ஆனால் பாய்ந்தது பாய்ந்ததுதான். நடுவழியில் நிற்க முடியுமா? வந்த வேகத்தில் முகத்தோடு இறங்கியது. மூக்கில் நாலு, நெற்றியில் இரண்டு, முன்காலில் எத்தனை என்று தெரியாது. ஒரு முள்கூட வளையவில்லை.

புள்ளியான் அலறிக்கொண்டு உருண்டது. எழுந்து திரும்பினால் அங்கே அப்பா முதுகு. இந்தப் பக்கம் திரும்பினால் அம்மா முதுகு. இரண்டு பேரும் பின்பக்கமாகவே நெருங்கினார்கள். நாலு பக்கமும் சலசல, சலசல.

"வளையும்னு சொன்னியேடா!" என்று பாறையைப் பார்த்துக் கத்தியது புள்ளியான்.

"வளைஞ்சுதுங்களே ஐயா! நேத்துகூட என் கையாலயே..." தேன்வாயனுக்கு வார்த்தை குழறியது. சிறுத்தை பார்த்த பார்வையை அவன் பார்த்தான். அப்புறம் பேச்சில்லை. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஓட்டம் எடுத்தான். மூன்று காலில் நொண்டிக்கொண்டே சிறுத்தை அவனைத் துரத்தியது. இலந்தை மரத்தடியில் எண்ணெய்ச் சட்டி கவிழ்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு பேரையும் ஆலங்குட்டைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

நெருஞ்சி சேற்றிலிருந்து எழுந்தாள். அம்மா அவளை மூக்கால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"டேய் சிலும்பா" என்றார் அப்பா. சேற்றைக் காட்டினார். "அந்தச் சட்டி கொட்டிடுச்சா?"

சிலும்பன் குனிந்து பார்த்தான். "பாதி மிச்சம் இருக்குப்பா. கீரை போட்டு நீட்டிச்சுக்கலாம்."

புது வளை காய்ந்து கிடந்தது. மூன்று கல் வைத்து அடுப்புப் போட்டான். குச்சி மழையில் நனைந்திருந்தது. தீ பிடிக்கவில்லை. அப்பா அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து ஊதினார். புகை கண்ணில் ஏறி இருமினார்.

"இப்படி ஊதினா அணைஞ்சுடும்பா. குச்சியைக் கொஞ்சம் தூக்கி வெச்சு ஊதுங்க" என்றான் சிலும்பன்.

"உத்தரவு" என்றார் அப்பா. தூக்கி வைத்து ஊதினார். பிடித்துக்கொண்டது. நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

நாளைக்கு வீட்டில் என்ன சாப்பிடுவது என்று இன்றைக்கே யோசித்து, தன் கையால் சமைக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிற வீட்டை எந்த நரியாலும் ஏமாற்ற முடியாது.